சாம்பிளைத் தின்றவர்கள்

லிபோவ் தோல்,
4 செப்டம்பர் 1983

அன்பு மகள் நெவெனாவுக்கு,

நானும் உன் அம்மாவும் உயிரோடு இருக்கிறோம். உடம்புக்கு ஒன்றுமில்லை, மானம்தான் கொஞ்சம் போயிருக்கிறது. ரூசே நகரத்தில் நீ சளி, காய்ச்சல் இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறோம்.

மானம் போன கதையை ஊரார் யாராவது பஸ்ஸில் உனக்குச் சொல்லும் முன் நானே சொல்லிவிடுகிறேன். செவ்வாய்க்கிழமை மாவட்டத்திலிருந்து வேளாண் அதிகாரி இல்கோவ் வந்தார். சின்ன வயது, மீசை வரலாமா வேண்டாமா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறது. கூடவே நம் கூட்டுப்பண்ணைத் தலைவர். நான் விதை நிலத்தின் பொறுப்பாளர் அல்லவா, அந்தத் தோரணையில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு முன்னால் நடந்தேன். ஒரு சூரியகாந்தியை வளைத்து, நடுவில் கொழுத்த விதையாகப் பார்த்துப் பிடுங்கி, "பாருங்க, எப்படி ரொம்பியிருக்குன்னு" என்று வாயில் போட்டுக் கடித்தேன்.

தோல் உடையும் சத்தம் வரவில்லை. ரப்பர் மாதிரி நசுங்கியது. நிலவறையில் மறந்துபோன உருளைக்கிழங்கின் ருசி. அதிகாரி முன்னால் துப்பலாமா விழுங்கலாமா என்று தெரியாமல் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

இல்கோவ் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஸ்தாமென் அண்ணே, அது விதை இல்ல. அதுதான் நோய்" என்றார்.

தலைவர் விடுவாரா? "மருந்தே வேணாம் போல. பொறுப்பாளரே தின்னு ஒழிச்சிடுவார்."

ஆகஸ்டில் இரண்டு வாரம் விடாமல் பெய்ததே, அதன் வேலை. பூவின் முதுகில் பஞ்சு போல வெள்ளையாகப் பூசணம் பிடிக்கிறது, விதை பால் பிடிக்கும்போதே உள்ளே இறங்குகிறது. பிறகு விதைக்கு நடுவே விதை மாதிரியே கறுப்பாக, அதே நீளத்தில், கட்டிகட்டியாய் உட்கார்ந்துகொள்கிறது. ஐம்பத்தாறு வருஷம் சூரியகாந்தி கொறித்த வாயையே ஏமாற்றிவிட்டது என்றால் பார்த்துக்கொள்.

முப்பது பூவுக்கு ஒன்று கெட்டிருக்கிறது என்கிறார் இல்கோவ். என் மனசுக்காகக் குறைத்துச் சொன்னார் என்று நினைக்கிறேன். உனக்குத்தான் தெரியுமே, வாழ்க்கையில் முதல்முறையாக என்னை ஒன்றுக்குத் தலைவனாக்கியிருக்கிறார்கள். இந்த நிலத்து விதை அடுத்த வசந்தத்தில் ஆறு பண்ணைகளுக்குப் போக வேண்டும். பரிசோதனையில் தேறினால் நான் விதை நிலத்தில் இருப்பேன். தேறாவிட்டால் அத்தனையும் எண்ணெய் ஆலைக்கு, நான் மறுபடி பன்றிக் கொட்டகைக்கு.

உன் விதைப் பரிசோதனை ஆய்வகத்தில் எப்படி நடத்துகிறார்கள்? ஆறு மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் ஆக்குவார்களாமே, ஜாக்கிரதையாக இரு. நன்றாகச் சாப்பிடு.

முத்தங்களுடன்,
அப்பா ஸ்தாமென்

அம்மா எழுதுவது: அவர் விழுங்கிவிட்டார், நெவெனா. உனக்கு எழுத வெட்கம். இரண்டு நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, உள்ளே முளைக்குமா முளைக்குமா என்று என்னைக் கேட்டுக்கொண்டிருந்தார்.


ரூசே,
11 செப்டம்பர் 1983

அன்புள்ள அப்பா, அம்மா,

நான் நலமாக இருக்கிறேன். உங்கள் கடிதம் கண்டு ஆய்வகத்தில் என்னோடு வேலை செய்யும் அறைத்தோழி த்சோன்காவும் நானும் சிரித்த சிரிப்பில் கீழ்வீட்டுக்காரர் கூரையைத் தட்டினார். நீங்களும் அப்பாவின் வயிறும் சௌக்கியமா?

உள்ளே முளைக்காது, அப்பா. ஆனால் மண்ணில் முளைக்கும். அந்தக் கறுப்புக் கட்டி பூசணம் தூங்கும் பெட்டி மாதிரி. விதையோடு கலந்து நிலத்துக்குப் போனால் வருஷக்கணக்கில் படுத்திருந்து, மழை வரும்போது எழுந்துகொள்ளும். ஆறு பண்ணைக்கு விதை போனால் அதுவும் ஆறு பண்ணைக்குப் போகும். எங்களுக்கு முதல் வாரமே இதைத்தான் சொல்லித்தந்தார்கள். ஒரு சாம்பிளில் பத்துக் கட்டி வரை இருக்கலாம். பதினொன்று என்றால் அது விதை இல்லை, எண்ணெய்தான்.

கெட்ட பூக்களை அறுவடைக்கு முன்னால் வெட்டி எரித்தீர்களா?

எங்கள் தலைமைப் பரிசோதகர் பெனேவா கண்டிப்பானவர். சுவரில் பெரிய எழுத்தில் எழுதி மாட்டியிருக்கிறார்: "இங்கே யாரும் எதையும் கொறிக்கக் கூடாது." சேர்ந்த அன்றே, "எந்த ஊர்?" என்று கேட்டார். சொன்னேன். "சூரியகாந்தி விளையற ஊரா? அப்ப உனக்கு ரெண்டு தடவை சொல்லணும்" என்று இரண்டு தடவை சொன்னார். காலை ஏழரைக்கு மேஜையில் தட்டு, இடுக்கி, பூதக்கண்ணாடி. சாயங்காலம் கண்ணை மூடினாலும் விதை விதையாகத் தெரிகிறது. சாம்பிள் பைகளில் ஊர்ப்பெயர் இருக்காது, எண் மட்டும்தான். யாருடையது என்று எங்களுக்குத் தெரியக் கூடாது என்பது சட்டம். அது எனக்குப் பிடித்திருக்கிறது.

இருவருக்கும் முத்தங்கள்.
நெவெனா


லிபோவ் தோல்,
25 செப்டம்பர் 1983

அன்பு மகளே,

வீட்டில் எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் மட்டும் மழையை முன்கூட்டியே சொல்கிறது. உன் கண்களைப் பார்த்துக்கொள், மாற்றித்தர எங்களிடம் வேறு ஜோடி இல்லை.

நீ கேட்டபடி வெட்டினோம். பெண்கள் வரிசையாக அரிவாளோடு போய், வெள்ளை பிடித்த பூக்களைச் சாய்த்து ஓடைக்கரையில் எரித்தார்கள். அறுவடை முடிந்து, காயவைத்து, சலித்து, தூற்றும் இயந்திரத்திலும் விட்டோம். பதர் போயிற்று, தூசி போயிற்று, கறுப்புக் கட்டி மட்டும் போகவில்லை. விதையின் நீளம், விதையின் கனம். சல்லடைக்கு வித்தியாசமே தெரியவில்லை. சல்லடையை நான் குறை சொல்ல முடியுமா?

இல்கோவ், "கையால பொறுக்கறதுதான் வழி" என்றார். உடனே நான் தலைவன் மாதிரி ஒரு முடிவெடுத்தேன். ஊர் மன்றத்தில் நீளமாக மேஜை போட்டு முப்பது பேரை உட்காரவைத்தேன். மூன்று சாயங்காலம். இடது பக்கம் குவியல், நடுவில் பொறுக்குவது, வலது பக்கம் சுத்தமான விதை. பாட்டு, வம்பு, சிரிப்பு. ஏற்பாடு பிரமாதம் என்று நானே என்னை மெச்சிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் இல்கோவ் வந்தார். மேஜையைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார். கணுக்கால் வரை தோல்.

"அண்ணே, இது என்னது?"

"தோலுங்க."

"எதோட தோலு?"

நெவெனா, நம் ஊர்க்காரர்கள் முன்னால் சூரியகாந்தி விதையைக் கொட்டிவைத்துவிட்டு வாயைச் சும்மா வைத்திருங்கள் என்று சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை. நானும் அல்லவா கொறித்துக்கொண்டிருந்தேன். எல்லோரும் கட்டியைப் பொறுக்க மறந்து, நல்லதாகப் பார்த்துத் தின்றிருக்கிறோம். கறுப்புக் கட்டியை யார் தின்பார்கள், என்னைத் தவிர?

இல்கோவ் தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "விதையத் தின்னுட்டு நோயப் பத்திரமா வெச்சிருக்கீங்க. பொறுக்காம விட்டிருந்தா இதைவிட சுத்தமா இருந்திருக்கும்."

உன் அம்மா அவரிடம், "வறுத்திருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும் தம்பி" என்றாள். அவர் சிரிக்கவில்லை.

போகட்டும். நேற்று சாம்பிள் எடுத்து இரண்டு பைகளாகக் கட்டி ரூசேக்கு அனுப்பியாயிற்று. பையின் வாயைத் தைக்க அலுவலகத்தில் வெள்ளை நூல் தீர்ந்துபோய், உன் அம்மாதான் தையல் பெட்டியிலிருந்து பச்சை நூல் எடுத்துத் தைத்தாள். பொன்வண்டு முதுகு மாதிரி பளபளவென்று ஒரு பச்சை.

பதில் எழுது. சூடாகச் சாப்பிடு.

அப்பா


லிபோவ் தோல்,
12 அக்டோபர் 1983

நெவெனா கண்ணு,

நாங்கள் நலம், நீ எப்படி என்பதுதான் தெரியவில்லை. இரண்டரை வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. தபால்காரர் நம் வேலியைக் கண்டாலே சைக்கிளை மிதிக்கும் வேகத்தைக் கூட்டுகிறார், நான் மறித்துக் கேட்டுவிடுவேன் என்று.

அம்மா நீ காய்ச்சலில் படுத்திருப்பதாக முடிவு செய்து கம்பளிக் காலுறை பின்னுகிறாள். நான் உனக்கு யாரோ பையனைப் பிடித்துவிட்டது என்று முடிவு செய்தேன். "அப்படின்னா பேரையாச்சும் எழுதட்டும், காலுறை அளவு தெரியணும்ல" என்கிறாள்.

காய்ச்சலா, பையனா என்று ஒரு வரி போடு. இரண்டும் என்றாலும் பரவாயில்லை.

அப்பா


ரூசே,
15 அக்டோபர் 1983

அன்புள்ள அப்பா,

நலமாக இருக்கிறேன். காய்ச்சல் இல்லை. பையன் இல்லை. வேலை அதிகம்.

இனி கடிதத்தில் ஆய்வகம் பற்றியோ விதை பற்றியோ எழுத வேண்டாம், தயவுசெய்து.

அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது?

நெவெனா


லிபோவ் தோல்,
19 அக்டோபர் 1983

அன்பு மகளே,

அம்மாவின் முழங்கால் தேவலை. மற்ற இடமெல்லாம் நலம்.

நீ சொன்ன விஷயம் பற்றி எழுதமாட்டேன். வேறு விஷயம் நிறைய இருக்கிறது. பிளம் இந்த வருஷம் நன்றாகக் காய்த்தது, ராக்கியா சாராயம் காய்ச்ச வரிசையில் நம் முறை வெள்ளிக்கிழமை வருகிறது. சிவப்பு மிளகாய் வதக்கி இருபத்தெட்டு ஜாடி போட்டாயிற்று. மாட்டுக் கொட்டகைக் கூரையில் ஏறினேன், இறங்கும்போது ஏணியை விட எனக்கு அவசரம் அதிகமாகிவிட்டது. இடுப்பில் கன்றிப்போய் ஒரு நீலம், அவ்வளவுதான்.

இதோ பக்கம் நிறையப் போகிறது, எழுத வேண்டாம் என்றதையே சுற்றிச் சுற்றி வருகிறேன், பொறுத்துக்கொள். ஒன்றே ஒன்று. அந்தப் பச்சை நூலைப் பற்றி நான் எதற்கு எழுதினேன் என்று யோசித்துப் பார்த்தேன். பேச்சுவாக்கில் எழுதினேன் என்றுதான் முதலில் எனக்கே சொல்லிக்கொண்டேன். பேச்சுவாக்கில் யாரும் பொன்வண்டு வரைக்கும் போகமாட்டார்கள். உனக்கு அடையாளம் தெரியட்டும் என்றுதான் என் கை எழுதியிருக்கிறது. அம்மாவிடம் சொன்னேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அந்த இரண்டு நாளும் சூப்பில் உப்பும் இல்லை.

அந்த வரியை மறந்துவிடு என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. எழுதியதை மறக்கச் சொல்வது எளிது, படித்தவள் நீதானே சுமக்கிறாய்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அப்பா


ரூசே,
28 அக்டோபர் 1983

அன்புள்ள அப்பா,

பத்திரமாக ஊர் போய்ச் சேர்ந்தீர்களா? இங்கே நான் நலம். செவ்வாய்க்கிழமை மதியம் ஆய்வக வாசலில் உங்களைப் பார்த்தபோது முதலில் வேறு யாரோ என்று நினைத்தேன். தேவாலயத்துக்குப் போகும் சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றீர்கள்.

ரூசேயில் நல்ல பூட்ஸ் கிடைக்கிறது என்று வாங்க வந்ததாகச் சொன்னீர்கள். மூன்று கடைக்குள் போனோம். ஒன்றைக்கூடக் காலில் போட்டுப் பார்க்கவில்லை. பிறகு குடல் சூப் சாப்பிட்டோம், நீங்கள் இரண்டு கிண்ணம். மழை, மிளகாய், ராக்கியா எல்லாம் பேசினீர்கள். "வேற ஏதாவது சொல்லணுமாப்பா?" என்று கேட்டேன். "பூண்டு இன்னும் கொஞ்சம் போட்டிருக்கலாம்" என்றீர்கள்.

எனக்கும் உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டியிருந்தது. நானும் பூண்டைப் பற்றியே பேசினேன். பஸ் போன பிறகு நிறுத்தத்திலேயே உட்கார்ந்திருந்தேன், வேலைக்குப் பத்து நிமிஷம் தாமதம்.

விரைவில் விவரமாக எழுதுகிறேன். அம்மாவுக்கு முத்தங்கள்.

நெவெனா


ரூசே,
6 நவம்பர் 1983

அன்புள்ள அப்பா, அம்மா,

உங்கள் உடல்நலம் எப்படி? நான் நன்றாக இருக்கிறேன். ஒரு மாதத்துக்குப் பிறகு நேற்றுத்தான் நன்றாகத் தூங்கினேன். ஆகவே தொடக்கத்திலிருந்தே சொல்கிறேன், கோபப்படாமல் படியுங்கள்.

உங்கள் சாம்பிள் என் தட்டுக்கே வந்தது. நூலைப் பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. அன்றே பெனேவாவிடம் போய், இது எங்கள் ஊருடையது, வேறு யாரிடமாவது கொடுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. தேறிவிடும், சொல்ல வேண்டிய தேவையே வராது என்று நினைத்தேன்.

எண்ணினேன். பதினொன்று.

மறுபடி எண்ணினேன். பதினொன்று. அடுத்த நாள் எல்லோருக்கும் முன்னால் வந்து எண்ணினேன். அதில் ஒன்று சின்னது, ஓரம் உடைந்தது. அதைக் கட்டி என்று சொல்லலாம், மண் என்றும் சொல்லலாம். அதை மட்டும் தள்ளிவைத்தால் பத்து. இடுக்கியால் அதைத் தட்டின் இந்தப் பக்கம் வைப்பேன், அந்தப் பக்கம் வைப்பேன். பதிவேட்டில் அந்தக் கட்டத்தைக் காலியாகவே விட்டுவைத்து மற்ற சாம்பிள்களைப் பார்த்தேன். நீங்கள் பூட்ஸ் வாங்க வந்த அன்று அந்தக் கட்டம் காலியாக இருந்து பத்தொன்பதாவது நாள்.

உங்களுக்காக மட்டும் என்று சொல்லமாட்டேன். உங்களைப் பொறுப்பாளர் ஆக்கியபோது எனக்கு எழுதினீர்களே, கையெழுத்தே மாறியிருந்தது, எழுத்தெல்லாம் பெரிது பெரிதாக. அது திரும்பத் திரும்ப ஞாபகம் வந்தது. அப்புறம் அந்த ஆறு பண்ணையும் ஞாபகம் வந்தது.

திங்கட்கிழமை மறுபடி தட்டை எடுத்து உட்கார்ந்தேன். ஒன்றிலிருந்து எண்ணுகிறேன், மனசு எங்கேயோ இருக்கிறது. பின்னாலிருந்து குரல் கேட்டது.

"நெவெனா, உன் வாயில என்ன?"

அப்பா, நான் கொறித்துக்கொண்டிருந்தேன். சாம்பிளை. தட்டுக்குப் பக்கத்தில் தோல் ஒரு சின்னக் குவியலாக இருந்தது, ஒழுங்காக. என் கை எப்போது போயிற்று, எப்போது வந்தது, எனக்குத் தெரியாது.

பெனேவா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "எத்தனை தின்னே?"

"தெரியல, தோழர்."

"இருபத்தாறு வருஷமா இங்க இருக்கேன். சாம்பிளத் தொலைச்சவங்க உண்டு. கீழ கொட்டினவங்க உண்டு. தின்னவ நீ ஒருத்திதான்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுகையோடு எல்லாமும் வந்துவிட்டது: நூல், பதினொன்று, காலிக் கட்டம், நீங்கள். நான் முடித்ததும் பெனேவா, "முகத்தக் கழுவிக்கிட்டு வா" என்றார். திரும்பி வருவதற்குள் இருப்பு அறையிலிருந்து உங்கள் இரண்டாவது பையை வரவழைத்து, த்சோன்காவிடம் கொடுத்து எண்ணச் சொல்லியிருந்தார். நான் சன்னல் பக்கம் நாற்காலியில், கைகளை மடியில் வைத்து உட்கார வேண்டும் என்று உத்தரவு.

த்சோன்கா எண்ணி முடித்துச் சொன்னாள். பத்தொன்பது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது அப்பா, மன்னியுங்கள். பத்தொன்பது. அதில் எந்த ஒன்றையும் மண் என்று சொல்ல வழியே இல்லை. பெனேவாகூட உதட்டைக் கடித்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பினார்.

உங்கள் விதை தேறவில்லை. எனக்கு எழுத்தில் ஒரு எச்சரிக்கை, நிரந்தரம் ஆவது மூன்று மாதம் தள்ளிப்போகிறது. வேலை இருக்கிறது.

நீங்கள் பன்றிக் கொட்டகைக்குப் போக வேண்டியிருக்கும். என்னால்தான் என்று சொன்னாலும் சரி, எழுதுங்கள். எழுதாமல் மட்டும் இருக்காதீர்கள்.

உங்கள் நெவெனா


லிபோவ் தோல்,
12 நவம்பர் 1983

என் தங்க மகளே,

நலம், நலம், மூன்றாவது தடவையும் நலம். உன் கடிதத்தை அம்மா சத்தமாகப் படிக்க நான் கேட்டேன், பிறகு நான் படிக்க அவள் கேட்டாள். "கை மடியில்" என்ற இடத்தை இருவருமே இரண்டு தடவை படித்தோம்.

அரசாங்கக் காகிதம் உனக்கு ஒரு நாள் முந்திக்கொண்டது. தலைவர் கூப்பிட்டு நீட்டினார். பத்தொன்பது என்று படித்தவுடன் நான் நாற்காலியில் சாய்ந்து, "அப்பாடா" என்றேன்.

"என்ன அப்பாடா? தேறலய்யா" என்றார்.

"தெரியுது. இருந்தாலும் அப்பாடா."

இவனுக்கு அந்தக் கட்டி மூளைக்கு ஏறிவிட்டது என்று நினைத்திருப்பார். நினைக்கட்டும். பதினொன்று என்று வந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன், சொல்லு? சாகும்வரை அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு, இல்கோவைத் திட்டி, மழையைத் திட்டி, யாருக்கும் தெரியாமல் உன்னையும் மனசுக்குள் ஒரு பார்வை பார்த்திருப்பேன். பத்தொன்பதோடு யார் சண்டை போட முடியும்? அதில் ஏழெட்டாவது நாங்கள் மன்றத்தில் உட்கார்ந்து சம்பாதித்தது. ஊரே சேர்ந்து நல்ல விதையைத் தின்று, கெட்டதன் பங்கைக் கூட்டி, ரூசேக்கு அனுப்பியிருக்கிறோம். கடைசியில் மீதியை நீ தின்றாய்.

"அப்பனுக்கும் மகளுக்கும் ஒரே வாய்" என்கிறாள் அம்மா. அவள் சொன்ன விதத்தில் பெருமைதான் இருந்தது என்று எனக்குப் பட்டது.

விதையெல்லாம் எண்ணெய் ஆலைக்குப் போய்விட்டது. அந்த நிலத்தில் அடுத்த சில வருஷத்துக்குக் கோதுமைதான். ஆறு பண்ணைக்கும் வேறு ஊரிலிருந்து விதை வருகிறது. இல்கோவ் என் தோளைத் தொட்டு, "நல்ல வேளை அண்ணே, இது போயிருந்தா என் பேரச் சொல்லித்தான் ஆறு ஊரும் திட்டியிருக்கும்" என்றார். அவருக்கும் நிம்மதி, பாவம். மீசை ஒருவழியாக வந்துகொண்டிருக்கிறது.

நான் திங்கள் முதல் பன்றிக் கொட்டகையில். பன்றிகள் என்னை மறக்கவில்லை. விதை நிலத்தில் என்ன செய்தாய் என்று ஒன்றுகூடக் கேட்கவில்லை, மனிதர்களை விட நாகரிகம்.

உன்னால்தான் என்று எழுதச் சொன்னாயே. அதை எழுதும் கை எனக்கு இல்லை. எச்சரிக்கைக் காகிதத்தைக் கிழிக்காமல் வைத்திரு, ஒரு நாள் உன் பிள்ளைகளுக்குக் காட்டலாம்.

ஆயிரம் முத்தங்கள்.
அப்பா

அம்மா: காலுறை உனக்கே அனுப்புகிறேன். புது வருஷத்துக்கு வா.


ரூசே,
11 டிசம்பர் 1983

அன்புள்ள அப்பா, அம்மா,

காலுறை வந்தது, காலிலேயே இருக்கிறது. நலமாக இருக்கிறேன். நீங்கள் நலமா? பன்றிகளின் நலத்தையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

முப்பதாம் தேதி ரயிலில் வருகிறேன். ஐந்து நாள் விடுமுறை. பெனேவா கையெழுத்துப் போடும்போது, "ஊர்ல போய் நல்லா கொறிச்சுட்டு வா, இங்க வாயக் கட்டு" என்றார். அவரிடமிருந்து வந்ததால் அதை அன்பு என்றே எடுத்துக்கொண்டேன்.

அப்பா, நேரில் ஒன்று கேட்பேன். அக்டோபரில் எதற்காக வந்தீர்கள்? பூட்ஸ் என்று மறுபடி சொல்லாதீர்கள்.

நெவெனா


லிபோவ் தோல்,
8 ஜனவரி 1984

அன்பு மகளே,

நீ பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததாக அட்டை வந்தது. இங்கே எல்லோரும் நலம். நீ போன பிறகு வீடு கொஞ்சம் பெரிதாகிவிட்டது. புது வருஷப் பானிட்சா அப்பத்துக்குள் மடித்து வைத்த குறிச் சீட்டுகளில் உனக்கு "நிரந்தர வேலை" என்று வந்ததல்லவா, அது உன் அம்மா வேண்டுமென்றே உன் பக்கம் திருப்பிவைத்த துண்டு. எனக்கு வந்த "ஆரோக்கியம்" மட்டும்தான் தானாக வந்தது.

நீ ஐந்து நாளும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. மறந்துவிட்டாய் என்று சந்தோஷப்பட்டேன். ரயில் நிலையத்தில், பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாய்.

"இப்பவாவது சொல்லுங்கப்பா. எதுக்கு வந்தீங்க?"

"ரயில் வந்துடுச்சு" என்றேன். ரயில் வர இன்னும் இருபது நிமிஷம் இருந்தது. இரண்டு பேரும் வெறும் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். நீ சிரித்தாய், என் கழுத்துத் துணியைச் சரிசெய்தாய், மறுபடி கேட்கவில்லை. உன்னை நினைத்து அன்று முழுக்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

சூடாகச் சாப்பிடு, கண்ணைப் பார்த்துக்கொள். அம்மா முத்தம் அனுப்புகிறாள்.

அப்பா ஸ்தாமென்

அம்மா தபால்தலை வாங்கப் போயிருக்கிறாள், அவள் வருவதற்குள் இதையும் எழுதி ஒட்டிவிடுகிறேன். வாயால் சொல்ல எனக்கு வராது. அன்று காலை ஒன்பது மணியிலிருந்து ஆய்வகத்துக்கு எதிர்ப்பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். சொல்ல வேண்டியதைப் பஸ்ஸிலேயே மனப்பாடம் செய்திருந்தேன். பன்னிரண்டு மணிக்கு நீ வெள்ளைக் கோட்டோடு வெளியே வந்தாய். என்னைப் பார்த்ததும் உன் முகம் மலர்ந்தது, உடனே ஒரு நொடி பயந்தது. பிறந்ததிலிருந்து நீ என்னைப் பார்த்துப் பயந்ததில்லை. அப்போதுதான் வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு, பூட்ஸ் என்றேன். விழுங்கியது இதுதான்:

"கறுப்பு ஒண்ணு ரெண்டு உன் கண்ணுல படலன்னு வெச்சுக்கோம்மா."